உமிக்கரி வாங்கித் தந்த முதல் பரிசு

திருவாரூரில் கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் போனில் கூப்பிட்டாள். உமியை அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அதை வைத்துச் சாயத் தண்ணீரைத் தெளியவைக்கப் போகிறாளாம். "அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்றாள். எட்டாம் வகுப்பிலேயே அதைச் செய்துகாட்டி முதல் பரிசு வாங்கியவள் நான். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இன்னும் பரணில் கிடக்கிறது.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். சித்தப்பா வாய்க்கால் ஓரமாகச் சின்னதாய் ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தார். தறிக்காரர்களின் நூலுக்குச் சாயம் போடுவது தொழில். அவர் சிவப்புப் போட்டால் வாய்க்கால் சிவக்கும். நீலம் போட்டால் எங்கள் வெள்ளை மாடு நீலக் கால்களோடு வீடு திரும்பும். சம்பாவுக்கு நாற்று விடுவதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும், இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டும் என்று வயல்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள். கெடு வைத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. கரி நிறத்தை இழுத்துக்கொள்ளும் என்று பாடத்தில் ஒரு வரி இருந்தது. பல் தேய்க்க வைத்திருந்த உமிக்கரி வீட்டில் இருந்தது. குடும்பத்தைச் சேர்த்துவைக்கப்போகும் விஞ்ஞானியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். ஓட்டைப் பானையில் மணல், அதன்மேல் உமிக்கரி, அடியில் ஒரு சொம்பு. சிவப்புத் தண்ணீரை ஊற்றினேன். கறுப்பாக வந்தது. மறுநாள் ஊற்றினேன். கொஞ்சம் வெளிறிய சிவப்பு வந்தது. கரியைக் கழுவ வேண்டும், தண்ணீரை அதில் ஊறவிட வேண்டும் என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. இருந்திருந்தாலும் நான் படித்திருக்கப் போவதில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் பட்டறைப் பக்கம் போனேன். சாயம் தப்பிப்போன நூலை வெளுப்பதற்காக ஹைட்ரோ என்று ஒரு வெள்ளைத் தூள் அங்கே இருக்கும். டப்பாவைத் திறந்தாலே நெடி மூக்கைப் பிடுங்கும். ஆள் வருவதற்குள் ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு, டப்பாவைக்கூட மூடாமல் ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் சொம்பின் அடியில் யாருக்கும் தெரியாமல் தூளைப் போட்டுவைத்தேன். மேலே சிவப்பை ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொம்பைக் கண்ணாடி டம்ளரில் சாய்த்தபோது தண்ணீர் வெறும் தண்ணீராக இறங்கியது. பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள், அப்பா உட்பட, கைதட்டினார்கள். முன்னால் நின்ற சித்தப்பா டம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டம்ளரைப் பதமாகக் கீழே வைத்தார். ஆச்சரியத்தில் மனிதர் பேச்சிழந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வயல்காரர் ஒருவர் சித்தப்பாவின் தோளைத் தட்டினார். "ஏம்ப்பா, உன் அண்ணன் மவளே வழி கண்டுபிடிச்சிட்டா. உமிக்கரி மில்லுல மலையா குவிஞ்சு கெடக்கு. இனிமே என்னப்பா சாக்கு சொல்லுவ?"

"செஞ்சுடுவோம்டா" என்றார் அப்பா, நேராகத் தம்பியைப் பார்த்து. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. சித்தப்பா சரி என்று தலையாட்டினார்.

பட்டறைத் தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்தில் குழி வெட்டினார்கள். அப்பாவே வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரி ஏற்றி வந்தார். மூன்று நாள் அண்ணனும் தம்பியும் ஒரே குழியில் நின்று மண் அள்ளினார்கள், ஒரே தூக்குவாளியிலிருந்து மோர் குடித்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று முழு நாள் இருந்தது. முதல் நாள் வயிற்றுவலி. இரண்டாம் நாள் வீட்டுப்பாடம். மூன்றாம் நாள், கரி ஒருவேளை வேலை செய்துவிடும் என்று அறிவியலின் மேல் எனக்குத் திடீர் நம்பிக்கை வந்துவிட்டது.

சாயத் தண்ணீரைக் கரிக்குழியில் திறந்துவிட்ட அன்றைக்கு ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. முதலில் கறுப்பு வந்தது. பிறகு வஞ்சனையில்லாமல் சிவப்பு வந்தது.

"சொம்புல தெளிஞ்சுது, குழியில தெளியலையே? பாப்பா, அன்னைக்கு என்னத்தடி போட்ட?" என்றார் அன்றைக்குத் தோளைத் தட்டிய வயல்காரர்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன்.

"புள்ளைய ஏங்க கேக்குறீங்க?" என்றார் சித்தப்பா. "அது சரியாத்தான் செஞ்சுது. நான்தான் குழிய அவசரமா வெட்டிட்டேன். பானையில நடக்குறது பட்டறைக்கு ஒத்துவருமா?"

அந்த வாரமே பட்டறையை மூடினார். யாரோ ஒருவரின் பட்டறையில் கூலிக்குச் சாயம் போடத் திருப்பூருக்குக் கிளம்பினார். அப்பா பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்ட சித்தப்பா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹைட்ரோ டப்பாவத் தொறந்தா இறுக்கி மூடிடணும் பாப்பா. காத்துப் பட்டா வீணாப்போயிடும்."

பட்டறையே போய்விட்டது, இவருக்கு டப்பாவைப் பற்றி என்ன கவலை என்று தோன்றியது. பாவம், கடைசிவரை அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நிம்மதியில் புது டிபன் பாக்ஸில் புளிச்சோறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.