சிப்பாய்க் கொட்டடியில் நின்ற தாவூது

ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் டீசலும் கலந்த ஒரு வாடை உண்டு. திருவொற்றியூர்க் கடலோரத்தில் நாங்கள் ‘கோட்டை’ என்று அழைத்த பாழடைந்த கட்டடத்துக்குள் தலையை நுழைத்ததும் அதுதான் முதலில் மூக்கில் ஏறும். உண்மையில் அது கோட்டையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்கள் தங்கியிருந்த கொட்டடி என்று பெரியவர்கள் சொல்வார்கள், சொன்ன வாயோடு ‘செவுரு இடிஞ்சி உழும், அந்தாண்ட போனீங்க, காலை ஒட்ச்சிடுவேன்’ என்றும் மிரட்டுவார்கள். மிரட்டினால் போகாமல் இருந்துவிடுவோமா?

எங்கள் பட்டாளத்தில் ஐந்து பேர். பதினொரு வயதில் நான்தான் ‘சுபேதார்’. தென்னை மட்டை துப்பாக்கி, சோடா மூடி மெடல். ஆனால் நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. எங்கள் சிப்பாய்கள் காலையில் வரிசையில் நின்று பேர் சொன்னார்கள், கஞ்சி குடித்தார்கள், ஊருக்குக் கடுதாசி எழுதினார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள், வராத எதிரிக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நிற்பதற்குப் பெயர் ‘பாரா’. பாராவில் நிற்பவன் அடுத்த ஆள் வந்து மாற்றும்வரை அசையக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் தாவூது. பக்கத்து வீட்டுப் பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், அவனுடைய அத்தா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டான். ‘இன்னாடா, நெசமாவே பட்டாளத்துக்குப் போவப் போறியா?’ என்று கேலி செய்தால், ‘ஆமாக்கா, எங்கத்தா போட்டோ புட்ச்சி மாட்டுவாரு’ என்பான்.

ஒரு கோடை விடுமுறையில், நல்ல வெயிலில் அவனைப் பாராவில் நிறுத்திவிட்டு, தண்ணி லாரி வந்ததென்று மற்ற நாலு பேரும் குடம் பிடிக்க ஓடினோம். திரும்பிப் போய் அவனை மாற்ற வேண்டியவள் நான். லாரி வரிசையில் நிற்கும்போதே தாவூதின் அம்மா முக்காடு நழுவ ஓடி வந்தார். துறைமுகத்தில் அவன் அத்தா மேல் சரக்கு சரிந்துவிட்டதாம், பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாராம், தெருமுனையில் ஆட்டோ காத்திருந்தது.

‘ரோஸி, தாவூது எங்கம்மா? அவுங்கத்தா புள்ளைய கேட்டுகினே கீறாராம். பார்த்தியா?’

என் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். கொட்டடிக்குப் போனது தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

‘தெர்லத்த, நான் பாக்கல.’

மற்ற மூன்று பேரும் சுபேதாரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். சந்து சந்தாகத் தேடிவிட்டு, கடைசியில் அவர் மட்டும் அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ கண்ணுக்கு மறைந்த பிறகுதான், பாவி நான், குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து, உதடு வெடித்து, நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான் தாவூது. ‘மாத்த வந்தியாக்கா?’ என்றான். அவன் மாமா சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அத்தாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

இன்று கொட்டடி இல்லை. பாதியைக் கடல் அரித்தது, மீதியைக் கரையில் பாறாங்கல் கொட்டியபோது தள்ளிவிட்டார்கள். சுண்ணாம்பு வாடை போய், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகைதான் அங்கே மிச்சம்.

போன மாதம் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது தாவூதைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. கூட வந்த மகளை என் முன்னால் இழுத்து நிறுத்தினான்.

‘நான் சொல்வேன்ல, ரோஸி அத்த, இவுங்கதான். ஊரே தேடி என்னைக் கண்டுபுடிக்கல. இவுங்கதான் ஓடியாந்து சொன்னாங்க. இல்லன்னா மண்ணு அள்ளிப்போடக்கூட போயிருக்க மாட்டேன்.’

அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.