மடுவில் விழுந்த வேன் சாவி

எங்கள் அப்பா எதையும் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கை குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அது அப்பாவுக்கு. அப்படிப்பட்டவரிடம் பெரியப்பா தன் புது வேனின் சாவியைக் கொடுத்துவைத்தது, எனக்கு எட்டு வயதாக இருந்த ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை.

நான்கு நாள் விடாமல் கொட்டிய மழையில் பச்சைமலையில் அருவி விழுகிறது என்று கேள்விப்பட்டு, பெரம்பலூரிலிருந்து பதினோரு பேர் கிளம்பியிருந்தோம். லாடபுரம் தாண்டி வேனை நிறுத்தியதும், நனைந்துவிடும் என்று எல்லோருடைய போனையும் வாங்கி வேனுக்குள் வைத்தார் அப்பா. குரங்குகளுக்குப் பயந்து பிரியாணி அண்டாவையும் உள்ளேயே வைத்துப் பூட்டினார். சாவியை அரைக்கால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மரங்கள் மூடிய மலை இடுக்கு அது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவே தண்ணீர் படிபடியாக விழுந்து, படிக்கு ஒரு மடுவை நிரப்பிக்கொண்டு இறங்கியது. ஆண்கள் மேல் மடுவில் குதித்தார்கள்.

"பொம்பளைங்க கீழ நின்னு தலைய நனைச்சா போதும். ஆழத்துப் பக்கம் வராதீங்க" என்றார் அப்பா. அம்மா பாறையில் உட்கார்ந்து எல்லோர் துணிக்கும் காவல் இருந்தாள்.

அப்பா நான்காவது முறை குதித்து எழுந்தபோது பை காலியாக இருந்தது.

பெரியப்பா திட்டியதை இங்கே எழுத முடியாது. மாற்றுச் சாவி வீட்டு பீரோவில் இருந்தது. கண்ணாடியை உடைக்கலாமா என்று மாமா கேட்டார். "மொதல்ல என் மண்டைய ஒடைங்கடா" என்றார் பெரியப்பா. ஆண்கள் மாறி மாறி மூழ்கி, கூழாங்கற்களும் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும் எடுத்து வந்தார்கள். வெயில் சாய ஆரம்பித்தது. நான் பசியில் அழுதேன்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். "ஏங்க, நான் எறங்கிப் பாக்கவா?"

"ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்று சிரித்தார் அப்பா. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான்.

"எங்க கீழப்பழுவூர்ல கெணத்துல கொடம் வுழுந்தா யாரும் பாதாளக் கரண்டி தேட மாட்டாங்க. என்னையத்தான் கூப்புடுவாங்க."

எங்கள் வீட்டில் கிணறு கிடையாது, போர்வெல்தான். அதனால் இந்தச் செய்தி யாருக்கும் தெரியாமல் போயிற்று.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஆண்கள் யாரும் ஏறாத பாறை உச்சிக்கு ஏறினாள். கைகளைச் சேர்த்துத் தலைகீழாகப் பாய்ந்தாள். பெரியம்மா முருகனைக் கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து, நான் குந்தியிருந்த பாறைக்குப் பக்கத்தில் அம்மாவின் தலை எழுந்தது. கையை லேசாக விரித்துப் பார்த்தாள். உள்ளே சாவி. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒன்னும் ஆம்புடல! இன்னொரு தரம் பாக்குறேன்!"

மறுபடி மூழ்கினாள். அருவி விழும் இடம்வரை போய்வந்தாள். மடுவின் நடுவில் மல்லாந்து மிதந்தாள். "சாவிய வானத்துலயா தேடுறா?" என்றாள் பெரியம்மா. ஐந்தாவது முறையாக மேலே வந்தபோதுதான் சாவியை உயர்த்திக் காட்டினாள்.

மாமா விசிலடித்தார். எல்லோரும் போட்ட கூச்சலில் குரங்குகள் மரம் மாறின. அண்டாவைத் திறந்ததும் முதல் தட்டை, பெரிய கறித்துண்டோடு, பெரியப்பாவே அம்மாவிடம் நீட்டினார். அப்பா, வந்துபோன முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "என் சம்சாரங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. கோபமும் இருந்தது.

திரும்பும்போது அவள் காதில் கேட்டேன். "மொதல் தடவையே கெடச்சிடுச்சுல்ல?"

அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டு, ஈரத் தலையை ஜன்னல் காற்றுக்குக் காட்டிக்கொண்டு சிரித்தாள். பெற்ற பிள்ளை பசியில் அழுதுகொண்டிருக்க, இடுப்பில் இருந்த சாவியை ஒருத்தி எதற்காக அரை மணி நேரம் தேடினாள் என்பது எனக்கு அன்று கொஞ்சமும் விளங்கவில்லை.