ஒரே மேசையில் இரண்டு தமிழர்

குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவன் சூதாட்ட விடுதிக்குப் போகலாமா? சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. என் மனைவியின் சட்டம் வேறு. விண்ணப்பத்தை ஜெர்மனில் 'அன்ட்ராக்' என்பார்கள். "அன்ட்ராக் குடுத்தவன் பிள்ளைத்தாச்சி மாதிரி. தடக்குப்படாமல் நடக்கவேணும்" என்பாள். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தெருவில் ஒரு வாகனம் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பேன். பெயர் ஒருமுறை பொலிஸில் விழுந்தால் இத்தனை வருடக் காத்திருப்பும் தண்ணீரில் போட்ட உப்பு என்பது நாங்கள் குடியிருந்த நொய்கெல்ன் பகுதியில் எங்கள் ஆட்களுக்குள் வேதவாக்கு.

அந்த வருடங்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் போக்கர். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் வாயைத் திறக்காமல் கடுதாசி, அதாவது சீட்டு, விளையாடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். வாயைத் திறக்காமல் என்ன கடுதாசி விளையாட்டு? எங்கள் ஊரில் செத்த வீட்டில்கூட முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவார்கள். அங்கேயும் அழுகையைவிடக் கடுதாசிக்காரரின் சத்தம்தான் கூட. நான் வேலை செய்த உணவகத்தின் சமையற்காரர் ஒன்று சொல்வார்: "எண்ணெய்க்குப் பயந்தவன் வடை சுடேலாது." ஒரு திங்கட்கிழமை, உணவகத்துக்கு விடுமுறை, மனைவி வேலைக்குப் போய்விட்டாள். சாமத்திய வீடு, கலியாண வீடு என்றால் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒருமுறை உட்கார்ந்து பார்ப்போம் என்று புறப்பட்டேன்.

வாசலிலேயே முதல் தடக்கு. உள்ளே போக அடையாளம் காட்ட வேண்டும். எனக்கு இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம் ஒன்றுதான். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்னவோ தட்டெழுதினாள். மேலே இருந்த கமரா என்னைப் படம் எடுத்தது. எல்லோருக்கும் இப்படித்தான் என்றாள். இருக்கலாம். எழுதியது எங்கே போகும் என்று அவளிடம் கேட்கத் துணிவு வரவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்த கனம் அந்த விண்ணப்பம்.

போக்கர் அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரில் மணிக்கூடு இல்லை. நடந்தால் காலடிச் சத்தத்தைக் கம்பளம் விழுங்கிவிடும். காசைக் கொடுத்து வட்டச் சில்லுகள் வாங்கிக்கொண்டு, காட்டிய கதிரையில் உட்கார்ந்தேன். தலையை நிமிர்த்தினால் எதிரே ஒரு தமிழர்.

கோயிலில் கண்ட முகம். என்னைவிட இளையவர். பேசிப் பழக்கமில்லை. அவர் என்னைப் பார்த்தார், உடனே தன் சில்லுகளைப் பார்த்தார். நானும் கூரையைப் பார்த்தேன். யார் முதலில் போய் ஊருக்குச் சொல்வார் என்ற பயம் இரண்டு பேருக்கும்.

சீட்டுப் போடுகிற பெண் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள், மேசையில் ஜெர்மன் மட்டும்தான் பேசலாம், ஒருவர் ஆட்டத்தில் மற்றவர் வாய் வைக்கக் கூடாது என்று. நான் தலையாட்டினேன். வாய் திறக்கிற நிலையிலா இருந்தேன்?

காசு வைக்கப் பயந்து, வந்த கடுதாசியை எல்லாம் எறிந்து ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர், டாக்சி ஓட்டுகிறவராம், என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீர் விளையாட வந்தீரா, குளிர் காய வந்தீரா?"

மேசையே சிரித்தது. எனக்கு ரோசம் வந்த அந்தச் சுற்றில்தான் கையில் இரண்டு ஜாக் விழுந்தது.

முந்நூற்றிநாலு ஆடினவர்களுக்குத் தெரியும். அதில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேலே. ராசா ஒரு பொருட்டே இல்லை, பத்துக்கும் கீழே கிடப்பார். சின்ன வயதிலிருந்து ஊறிய கணக்கு அது. தலை யோசிக்க முதல் கை சில்லுகளைத் தள்ளிவிட்டது. எதிரே இருந்த தமிழர் தன் கடுதாசியை எறிந்து விலகினார். மற்றவர்களும் விலகினார்கள். நானும் டாக்சிக்காரரும் மட்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று கடுதாசி திறந்தார்கள். ஒன்று ராசா. அப்போதுதான் உறைத்தது. இந்த ஆட்டத்தில் ராசா ஜாக்கைத் தின்றுவிடுவார்; கிழவர் கையிலும் ஒரு ராசா இருந்தால் என் சோடி செத்தது. கிழவர் தன் சில்லுகள் முழுவதையும் மெதுவாக நடுவுக்குத் தள்ளினார். நான் இருப்பதை எல்லாம் வைக்க வேண்டும், அல்லது கடுதாசியை எறிய வேண்டும்.

கை வரவில்லை. ராசாவையும் என் சில்லுகளையும் மாறி மாறிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, எதிரே இருந்து, குனிந்த தலை குனிந்தபடி, தமிழ் வந்தது:

"விடுங்கோ அண்ணை. அந்தாளிட்டை ராசா இருக்கு."

எங்கள் மேசைகளில் இது ஒரு குற்றமா? பின்னால் நின்று பார்க்கிறவன்கூடத் தோளில் தட்டிச் சொல்லுவான். சொல்லாதவன்தான் கெட்டவன். இங்கே சீட்டுப் போடுகிற பெண் உள்ளங்கையை உயர்த்தினாள். எல்லாம் நின்றது.

மேற்பார்வையாளர் வந்தார். கறுப்புக் கோட், தாழ்ந்த குரல். சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"என்ன சொன்னீர்கள்?" என்று இளையவரிடம் கேட்டார்.

"நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்தினேன்."

மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

எனக்கு அகதி விசாரணை ஞாபகம் வந்தது. அங்கேயும் இப்படித்தான், ஒருவர் கேட்க, ஒருவர் மொழிபெயர்க்க, ஒருவர் எழுத. ஒரு சொல் பிசகினால் முழுக் கதையும் பொய் என்பார்கள். கூரையில் கமரா. அதற்குக் காதும் இருக்குமோ? எங்கேயோ ஓர் அறையில் இதைத் தமிழிலிருந்து பெயர்க்க ஆள் வைத்திருப்பார்களோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"ஆட்டத்தை விடச் சொன்னார்" என்றேன்.

எதிரே இருந்த முகம் சாம்பலாகியது.

"இருவரும் சேர்ந்து வந்தீர்களா?"

"இல்லை. கோயிலில் கண்டிருக்கிறேன்."

எங்கள் அடையாளப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். கையிலிருந்து அந்த நீலப் புத்தகம் போனபோது தோலை உரித்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. பொலிஸைக் கூப்பிடுகிறாரோ? ஏமாற்று வழக்கு என்று ஒரு வரி எழுதினால் போதும். மனைவிக்கு என்ன சொல்வது? வெறும் கடுதாசி விளையாடப் போய் நாட்டைத் தொலைத்தேன் என்றா? சீட்டுப் போடுகிற பெண்ணிடம் கேட்டேன், பொலிஸ் வருமா என்று. அவள் தன் முன்னால் இருந்த சில்லுகளை நேராக அடுக்கினாள். டாக்சிக்காரர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவரின் உதடு மட்டும் அசைந்தது. முருகனைக் கூப்பிட்டிருப்பார்.

மேற்பார்வையாளர் திரும்பி வந்து புத்தகங்களைக் கொடுத்தார். இளையவர் இன்றைக்கு வெளியே போக வேண்டும், எனக்கு எச்சரிக்கை, ஆட்டம் தொடரலாம் என்றார். நான் ஜாக் இரண்டையும் எறிந்தேன். நாலு ஜாக் இருந்தாலும் எறிந்திருப்பேன். டாக்சிக்காரர் தன் கடுதாசியைத் திருப்பிக் காட்டினார். ராசா.

"உம்முடைய ஆள் கெட்டிக்காரர்தான்" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மிச்சச் சில்லுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

சுரங்க ரயில் படிக்கட்டில் அந்த இளையவர் நின்றார்.

"ஏன் அண்ணை உண்மையைச் சொன்னீங்கள்?"

"பயத்திலை."

"பயத்திலை ஆக்கள் பொய்யெல்லோ சொல்லுறவை."

"நீர் ஏன் தம்பி வாயைத் திறந்தனீர்?"

"உங்கட முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடந்தது. என்ர கடவுளே, பிரேதம் மாதிரி இருந்தீங்கள்." பிறகு கேட்டார், "உங்களுக்கும் அன்ட்ராக் கிடக்கோ?"

"ஓம்."

"எனக்கும்" என்றார். படிகளில் இறங்கி வெவ்வேறு பெட்டிகளில் ஏறினோம்.

அதன்பின் தபாற்பெட்டியில் எடுக்கிற கடிதம் எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பேன். வாசல் மணி அடித்தால் மனைவியைத்தான் போகச் சொல்வேன். "என்னப்பா, கடன்காரன் மாதிரி ஒளிக்கிறியள்?" என்பாள். ஒரு நாள் குடியுரிமை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி அம்மா கணினியைப் பார்த்த பார்வையில் எனக்குச் சட்டை நனைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கினார், குடியுரிமைப் பத்திரத்தைத் தந்தார், கை கொடுத்தார். முடிந்தது.

சில கிழமை கழித்துத் தமிழ்க் கடையில் அந்த இளையவரைக் கண்டேன். எனக்குக் குடியுரிமை கிடைத்த சேதி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, எனக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை. அங்கை என்னைப் பற்றி ஏதும் கேட்டவையோ?"

"இல்லைத் தம்பி. ஒண்டும் கேட்கேல்லை."

"உண்மையாயோ?"

"உண்மையாய்."

அவர் கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.