கோந்த்வா கிளினிக்கில் கடைசி ஆள் யார்?

இது கோட்டையோ மலையோ பார்க்கப் போன பயணம் அல்ல. 2006 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, கோந்த்வாவில் என் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொது மருத்துவரிடம் போய் வந்த கதை. நான் மலேசியாக்காரன், ஊர் ஈப்போ. மென்பொருள் வேலைக்காகப் புனே வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல். வெள்ளி இரவு மும்பையிலிருந்து விமானம். ஞாயிறன்று என் ஒரே தங்கைக்குக் கல்யாணம். மலேரியாவாக இருந்தால் போக முடியாதே என்று கவலை.

காலை 10.20க்கு ஆட்டோ, பதினைந்து ரூபாய். (ஓட்டுநர் மீட்டரைப் பார்த்துவிட்டு, பழைய மீட்டர் எண்ணுக்குப் புதிய கட்டணம் அச்சிட்ட ஓர் அட்டையையும் பார்த்துத் தொகை சொல்வார். பயப்படாதீர்கள், இங்கே அதுதான் முறை.)

கிளினிக் ஒரே அறை, நடுவில் பலகைத் தடுப்பு. வரவேற்பு மேசை இல்லை, எங்கள் ஊர் போல எண் சீட்டும் இல்லை. பெயர் கேட்டுக் கூப்பிடுவார்கள் என்று நல்ல பிள்ளையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் உள்ளே போய் மருந்தோடு திரும்பினார்கள். 12.45க்குக் கோபம் தலைக்கேறியது. வெளிநாட்டுக்காரன் என்று ஒதுக்குகிறார்களோ?

பக்கத்திலிருந்த அம்மாளின் பையில் ஒரு தமிழ் வார இதழ் தெரிந்தது. அவரிடம் கேட்டேன்.

"அரே தேவா! வந்ததும் 'லாஸ்ட் கோன்'னு கேக்கலையா? இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க. கடைசி ஆள் யாருன்னு கேட்டு, அவங்க பின்னாடி நம்ம நம்பர். ஒரு மணிக்கு டாக்டர் சாப்பிடப் போயிடுவார், அப்புறம் ஆறு மணிதான்!"

"நான் பத்தரைக்கே வந்துட்டேன் ஆண்ட்டி."

அவர் மராத்தியில் அறை முழுவதற்கும் என் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்துப் போக வேண்டியவர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார், கையில் டிபன் டப்பா. அவர் காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார். இவர்கள் மேலா கோபப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

டாக்டர் அவசரமில்லாமல் பத்து நிமிடம் பார்த்தார். நாக்கு, நெஞ்சு, வயிறு. காகிதப் பொட்டலத்தில் இரண்டு நாள் மாத்திரை, கட்டணம் அறுபது ரூபாய். ரத்தப் பரிசோதனை பக்கத்துக் கட்டடத்தில். ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். ரிப்போர்ட் வரட்டும் என்றார்.

வியாழன் மாலை 6.05க்கு ரிப்போர்ட்டோடு போய், வாசலிலேயே "லாஸ்ட் கோன்?" என்றேன். ஒருவர் கை தூக்கினார். இருபது நிமிடத்தில் என் முறை. மலேரியா இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். "கல்யாணத்துக்குப் போங்க, ஆனா டான்ஸ் ஆடாதீங்க" என்றார் ஆங்கிலத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: காலை 10 முதல் 1, மாலை 6 முதல் 9. பாஸ்போர்ட் வேண்டாம், யாரும் கேட்கவில்லை. சில்லறை கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் வாயைத் திறந்து கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போ மண்டபத்தில் சாப்பாட்டு வரிசைக்குப் போனவன், பழக்கதோஷத்தில் "கடைசி யாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். மேடையிலிருந்து கல்யாணப் பெண் முறைத்தாள். அண்ணனுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை என்று நினைத்திருப்பாள்.