அந்தியேட்டி செய்யாத மேடு

மண்ணுக்குள் இருக்கிறவர்களோடு காலம் தள்ளலாம். மண்ணுக்கு மேலே இருக்கிறவர்களுக்கு அந்த வேலையை விளங்கப்படுத்தத்தான் முடியாது. தொல்பொருள் அகழ்வில் படம் கீறுவது என் உத்தியோகம். இருக்கிற வீட்டிலேயே தன் வேலை இன்னதென்று சொல்லிப் புரியவைக்க முடியாமல் விழித்த அன்பர்களே, நீங்களும் என் கட்சிதான்.

குழாயடி

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்தவர், ஆசாரம் தவறாதவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆதிகால மனிதர் ஒருவரைப் புதைத்த மேட்டை ஒரு பக்கம் தோண்டிவிட்டு வந்திருந்தேன். காற்சட்டை முழுக்கச் செம்மண்.

"எலும்பு தொட்டனீரோ?" என்றார். ஓம் என்றேன். சாவுத் தீட்டான துடக்கோடு படி ஏறக்கூடாதாம், பின்பக்கக் குழாயில் முழுகவேண்டுமாம். துடக்கு முப்பத்தொரு நாள்தானே, இவர் செத்து ஆயிரக்கணக்கான வருடமாகிறதே என்று மடக்கிப் பார்த்தேன். அன்ரி அசையவில்லை.

"முப்பத்தொண்டில அந்தியேட்டி செய்தாத்தான் தம்பி துடக்குக் கழியும். அந்தாளுக்குச் செய்தவையோ, உமக்குத் தெரியுமோ?"

லொறிப் பாதை

அடுத்த முறை போனபோது தோட்டத்தை நடத்தும் துரை, மேட்டை இடித்து லொறிப் பாதை போட ஆயத்தமாக நின்றார். கொழும்பிலிருந்து தடையுத்தரவு இன்னும் வரவில்லை. இடித்தால் இடித்ததுதான். கெஞ்சினேன். துரை சிங்களவர்; தோட்டத்தில் பழகிய தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மிஸ்டர், செத்தவன் கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டான். லொறிக்காரன் பண்ணுவான்."

கொட்டாஞ்சேனைக்காரர்

புல்டோசர் ஓட்ட வந்தவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். கியரில் செபமாலை தொங்கியது. நான் கீறிய படத்தை விரித்து, மேட்டின் வரலாறு முழுவதையும் சொன்னேன். கொட்டாவி விட்டார். எஞ்சின் உறுமியதும் அன்ரியின் கேள்விதான் வாயில் வந்தது.

"அண்ணை, உள்ளுக்கு ஆள் கிடக்குது! முப்பத்தொண்டில அந்தியேட்டி செய்தவையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது!"

"அது என்ன, எங்க முப்பத்தோராம் நாள் பூசை மாதிரியா?" என்றார். வேகமாகத் தலையாட்டினேன். எஞ்சினை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். துரை கத்தித் தீர்த்தும் அவரிடமிருந்து வந்தது ஒரே பதில்தான்:

"பூசை வைக்காத ஆளுக்கு மேல நான் மெசின் ஏத்த மாட்டேன் சேர். ரோட்ட வளைச்சுப் போடுங்க."

மறுபடி குழாயடி

துரை வேறு ஆள் பிடிப்பதற்குள் தடையுத்தரவு வந்துவிட்டது, பாதையும் வளைந்தது. எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. கொழும்புக் கோட்டையில் ரயிலால் இறங்கியதும் அன்ரிக்கு மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடினேன். உங்கள் கேள்விதான் மேட்டைக் காப்பாற்றியது என்றேன். பொட்டலத்தைப் படியில் வைக்கச் சொல்லிவிட்டு அன்ரி கேட்டார்:

"அப்ப அந்தாளுக்கு இன்னும் செய்யேல்லைத்தானே? முதல்ல முழுகிப்போட்டு வாரும்."

மேடு பிழைத்ததும் துடக்கால், குழாய்த் தண்ணீரில் முழுகி எனக்குத் தும்மலும் தடிமனும் பிடித்ததும் துடக்கால்.