குலுக்கிப் பார்த்த கொட்டைகள்

கூடத்தில் பாயை விரித்து, பூந்திக்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள் அவள். உள்ளே விதை உருண்டால் காய்ந்த கொட்டை, மூட்டைக்குப் போகும். சத்தம் இல்லையென்றால் மறுபடி வெயிலுக்கு. ஊரார் அவளுக்குக் கிலுகிலுப்பை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கூட உட்காரும் ஏழு பெண்களுக்கும் ஒரே சட்டம்: கொட்டை கையில் இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

“இங்கதான்டி ஒரு மணி நேரமாவது யாரும் என்கிட்ட பேசாம இருக்காங்க” என்பாள் ஓரகத்தி.

பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்யாமலும், அறுவடை நேரத்தில் கொட்டியும் மழை இரண்டு வருடம் வயலைக் கெடுத்தது. காட்டுப் பூந்தி மரங்கள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் காய்த்தன. உதிர்ந்ததைப் பொறுக்கப் பெண்கள் கூடையோடு கிளம்பினார்கள். இந்த முறை சோப்புக் கம்பெனிக்காரரே நேரில் வருகிறார். ஒரு கொட்டையில் பூஞ்சை இருந்தாலும் இந்தப் பக்கம் இனி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

ஓரகத்தியின் கணவரான பெரியவருக்கு எல்லாம் கேலியாக இருந்தது.

“கழியால நாலு போடு போட்டா ஒரே நாள்ல ரெண்டு மூட்டை. நீங்க என்னடான்னா கோழி மாதிரி கிளறிட்டு இருக்கீங்க.”

“பழுத்தா தானா விழும் மாமா. நம்ம அவசரம் மரத்துக்குத் தெரியுமா?”

“மரம் வந்து உன்கிட்ட சொல்லிச்சாக்கும்.”

அவர் அடித்து உலுக்கி ஒன்பது மூட்டை கட்டினார். இவர்களுக்கு ஆறுதான் தேறியது. அப்புறம் காலம் தப்பிய மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. அவள் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு, வீடு முழுக்கக் கொட்டையைப் பரப்பினாள். கணவன் அடுப்படியில் கால் நீட்ட இடமில்லாமல் முனகினான்.

கம்பெனிக்காரர் வந்ததும் மூட்டைகளின் அடியில் கைவிட்டு எடுத்தார். முதலில் பெரியவருடையது. உடைத்த கொட்டைகளில் விதை ஓட்டோடு ஒட்டி, வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இதைத் தள்ளி வைங்க. பக்கத்துல இருக்கறதுக்கும் பரவிடும்.”

பெண்களின் மூட்டையிலிருந்து இருபது எடுத்தார். முதல் ஐந்தை உடைத்தார். மற்றதை உடைக்காமல், அவரும் காதில் வைத்துக் குலுக்க ஆரம்பித்தார். ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஆறையும் ஏத்துங்க. வருஷா வருஷம் உங்ககிட்டதான்” என்றார் அவர்.

வண்டி போன கையோடு அடுத்த கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் உள்ளே வந்து நின்றார்.

“நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? நானும் ஒரு கூடை எடுத்துட்டு வரலாம்னு...”

எட்டுக் கைகள் எட்டுக் காதுகளருகே குலுங்கிக்கொண்டிருந்தன. அவர் மனைவிகூட நிமிரவில்லை. சற்று நேரம் நின்றுபார்த்தார். பிறகு, கொட்டை எதையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வெளியே போனார்.