ஆறாம் எண் நீட்டிய நாக்கு

கொல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்தின் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் கதிரேசனின் தங்கை சங்கவி, சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் ஒரு டேட்டா சென்டரில் வேலைக்குச் சேர்ந்து அந்தச் செவ்வாய்க்கிழமையோடு மூன்று மாதம் முடிந்தது. சோதனைக் காலத்தின் கடைசி நாள். ஒரு சர்வரைத் தன் கையால் நிறுத்தி, பழுதான பாகத்தை மாற்றி, மறுபடி ஓட விட வேண்டும். சரியாகச் செய்தால் சர்வர் கூடத்துக்குள் தனியாகப் போய்வர அட்டை கொடுப்பார்கள். வேறொரு சர்வரை நிறுத்திவிட்டால், மறுநாளிலிருந்து கடையில் பருப்பு நிறுக்க வேண்டியதுதான்.

"ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியாத்தா?" என்றான் கதிரேசன்.

"எடுத்தாச்சுண்ணே. மே மாசத்துல ஸ்வெட்டரோட பஸ் ஏறுறவ கொல்கத்தாவுலயே நான் ஒருத்திதான்."

கூடத்துக்குள் ஏ.சி. குளிர் எலும்பைத் தொடும். அவளுடைய மேலதிகாரி தேபு-தா; வங்காளத்தில் அண்ணன் 'தாதா', சுருக்கினால் 'தா'. அவர் உள்ளே நுழையும்போதே குரங்குக் குல்லாவை மாட்டிக்கொள்வார். நல்ல மனிதர், வேகமான மனிதர்.

ஒரு ஆஸ்பத்திரிக்காக இருந்த ரேக்கில் பன்னிரண்டு பழைய சர்வர்கள் அடுக்கியிருந்தன. பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே திரை, ஒரே கீபோர்டு. மேஜை இழுப்பறை போல இழுத்தால் வரும். பின்னால் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கு எல்லாச் சர்வரிலிருந்தும் கேபிள் போகும். ஒன்பதாம் பொத்தானை அழுத்தினால் ஒன்பதாம் சர்வர் திரைக்கு வரும், நான்கை அழுத்தினால் நான்காவது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். அதே நீலத் திரை, அதே கடவுச்சொல்.

நிறுத்த வேண்டியது ஒன்பதாம் எண். ஆஸ்பத்திரி கொடுத்த நேரம் பகல் இரண்டு மணி முதல் இரண்டு இருபது வரை.

இரண்டு மணி ஆனதும் சங்கவி ஒன்பதாம் பொத்தானை அழுத்தினாள். திரை வந்தது. நிறுத்தும் கட்டளையை அடிக்கப் போன விரல் அப்படியே நின்றது.

"என்ன யோசனை? அடி," என்றார் தேபு-தா வங்காளத்தில்.

"இது ஒன்பதுதானான்னு ஒரு தடவை பாத்துக்கிறேன் தாதா."

"ஆரே பாபா, லேபிள்ல எழுதியிருக்கே! ஒட்டினது நான். என் கையெழுத்துமேலயே சந்தேகமா?"

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு. எங்க அண்ணன் கையெழுத்தும் அப்படித்தான்."

அவள் எட்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. கதிரேசன் கடையில் இருந்த எல்லா டப்பாக்களுக்கும் அழகாகப் பெயர் எழுதி மூடியில் ஒட்டியிருந்தான். பொங்கலுக்கு டப்பாக்களைக் கழுவிக் காயவைத்தபோது இரண்டு மூடிகள் இடம் மாறின. மறுநாள் பக்கத்துத் தெருக் கமலம் அக்கா ஒரு பாத்திரத்தோடு கடைக்கு வந்து நின்றாள்.

"ஏ கதிரேசா, இடியாப்ப மாவு கேட்டா கோலமாவைக் குடுத்திருக்கியே! வெந்நி ஊத்துனா சேறாப் போச்சு. எம்புருசனுக்கு இலையில கோலம் போடவா?"

கதிரேசன் மூடியைக் காட்டி வாதாடிப் பார்த்தான். சங்கவிதான் எல்லா லேபிளையும் பிய்த்து டப்பாவின் வயிற்றில் ஒட்டினாள். "மூடி ஊர் சுத்தும்ணே. டப்பா அங்கனயேதான் இருக்கும். இனிமே உள்ள பாக்காம ஒரு பிடி குடுக்காதே," என்றாள். அன்றிலிருந்து கதிரேசன் உப்பைக்கூடத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கட்டுவான்.

சுவிட்சிலும் லேபிள் ஒட்டியிருப்பது கேபிளில். கேபிளும் ஊர் சுற்றும்.

பழைய சர்வர்களில் சி.டி. வைக்கும் தட்டு உண்டு. ஒரு சொல் அடித்தால் திரையில் இருக்கும் சர்வரின் தட்டு மட்டும் வெளியே வரும். சர்வர் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். சங்கவி அந்தச் சொல்லை அடித்துவிட்டு ஒன்பதாவதைப் பார்த்தாள். அது வாயைத் திறக்கவில்லை.

"பழைய மெஷின், தட்டு சிக்கியிருக்கும். மணி ரெண்டு ஆறு ஆச்சு தீதி," என்று தேபு-தா கால் மாற்றி நின்றார்.

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கீழே, ஆறாம் எண் சர்வர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சர்வர் அது.

தேபு-தா குல்லாவைக் கழற்றினார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"போன வாரம் தூசி தட்டுறப்ப ரெண்டு கேபிளைக் கழற்றி மாட்டினேன்," என்றார் மெதுவாக.

"மூடி மாறிடுச்சு," என்றாள் சங்கவி.

அவருக்கு அது புரியவில்லை. விளக்க நேரமும் இல்லை. ஆறாம் பொத்தானை அழுத்தி அதே சொல்லை அடித்தாள்; ஒன்பதாவது நாக்கை நீட்டியது. அதை நிறுத்தி, பாகத்தை மாற்றி, ஓட விட்டபோது மணி இரண்டு பதினெட்டு.

சாயங்காலம் அட்டையில் கையெழுத்துப் போடும்போது தேபு-தா மூடிக் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதோடு விட்டாரா, எல்லாரையும் கூப்பிட்டு ஒரு புதுச் சட்டமும் போட்டார். இப்போது அந்தக் கூடத்தில் எந்தப் பழைய சர்வரை நிறுத்தப் போனாலும் யாராவது ஒருவர் "ஜீப் தேகி!" என்று குரல் கொடுக்கிறார். வங்காள டாக்டர்கள் காய்ச்சல்காரர்களிடம் சொல்வதுதான்: நாக்கைக் காட்டு.

அட்டையைக் கதிரேசன் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயர், படம், எண், எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தான்.

"என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?"

"உள்ள பாக்காம வாங்கக் கூடாதுன்னு நீதானத்தா சொன்னே," என்றான் அவன். பிறகு அட்டையைப் பிடித்தபடியே எதிர்க் கடைக்காரரிடம் காட்டக் கிளம்பினான்.